வாடிய தக்காளிச் செடிகளை எருக்குழியில் போடலாமா?

கேள்வி: அரை ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறேன். காய்ப்பில் உள்ள செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடிச் சாய்கின்றன. பிடுங்கி வாய்க்கால் வரப்பில் போட்டிருக்கிறேன். எருக்குழியில் தள்ளலாமா, மாட்டுக்குப் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அவற்றை வாய்க்கால் வரப்பிலிருந்து இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடுவது பெரும்பாலும் பாக்டீரியா வாடல் நோய். அடித்தண்டில் ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளர் நீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அந்த நோயேதான்.

இந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாசன நீர், மண்வெட்டி, செருப்பில் ஒட்டிய மண் என எதில் ஏறியும் பரவும். மட்குக் குவியல் முழுவதும் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாட்கள் சூடேறி நின்றால் பெரும்பாலான நோய்க் கிருமிகள் சாகும். வீட்டு எருக்குழியில் அப்படி நடப்பதில்லை. நடுப்பகுதி சுடும்போதும் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். ஓரத்தில் தப்பிய கிருமியை அடுத்த பட்டத்தில் நீங்களே எருவோடு வயல் முழுக்க இறைத்துவிடுவீர்கள். மாட்டுக்கும் ஆகாது, தக்காளி இலையிலும் தண்டிலும் நச்சுப்பொருள் உண்டு.

வாடிய செடியை வேரும் வேர்மண்ணுமாகப் பெயர்த்து, மண் சிந்தாமல் சாக்கில் கட்டி எடுங்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத மேட்டில் காயவைத்து எரியுங்கள். மழைக்காலமானால் அதே மேட்டில் இரண்டடிக்குக் குறையாமல் குழிவெட்டிப் புதையுங்கள். நல்ல செடிகளின் வேலையை முடித்தபின் நோய்ச் செடிகளுக்குப் போங்கள். திரும்பியதும் கருவிகளைச் சோப்பு நீரில் கழுவுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நோய் கண்ட பாத்தியில் பாய்ந்த நீர் நல்ல பாத்திக்குப் போகக் கூடாது. அங்கே தனி மடை வையுங்கள்.

இலைச்சுருட்டை கண்ட செடிகளுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரஸ், செடி காய்ந்தால் அதோடு அழியும். ஈ சோம்பிக் கிடக்கும் அதிகாலையில் பிடுங்கி உடனே சாக்கால் மூடுங்கள். நன்கு காய்ந்தபின் எருக்குழிக்கே போகலாம்.

வாடல் வந்த நிலத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி எதுவும் வேண்டாம். சில பட்டங்களுக்கு மக்காச்சோளமோ சோளமோ போடுங்கள். நீர் நிற்கும் நிலமானால் நெல் நடுங்கள்.