கட்டிங் வேஸ்ட்டை நம்பி நான்கு வருடப் படிப்பா?

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் பனியன் கம்பெனிக் கழிவுத் துணியில் பயன்படு பொருள்களை வடிவமைக்கும் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், "மூட்டை கட்டி எடைக்குப் போடுகிற துணிக்கு நான்கு வருடப் படிப்பா?" என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். திருப்பூரில் இருபது ஆண்டுகளாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கும் தங்களுக்கு அந்தத் துணியைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால், அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன்.

தாங்கள் அறிந்தபடி, ஆடைக்குத் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளான கட்டிங் வேஸ்ட் யாரும் சீண்டாத குப்பை அல்ல. பருத்தித் துண்டுகளை ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் வாங்கிப் பிய்த்து மீண்டும் நூலாக்குகின்றன. நிறவாரியாகப் பிரித்து நூற்றால் மறுபடி சாயமேற்ற வேண்டியதில்லை என்பதன் அருமை, 2011-இல் சாயக்கழிவு மாசு காரணமாக உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். எனவே, மில்லுக்குப் போனால் கிடைக்கும் விலையைவிட அதிக மதிப்பை அந்தத் துண்டுக்குத் தன் கைத்திறனால் சேர்க்க முடியுமா என்பதே தங்கள் மகளுக்கு முன்னால் உள்ள உண்மையான கேள்வி. பிய்க்கும்போது இழை நீளம் குறைந்து தடித்த நூலே வரும். லைக்ரா என்னும் இழுபடும் இழை கலந்த துண்டுகளை மில்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. வடிவமைப்பாளருக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

துணியின் குணத்தை அறிவதில்தான் இந்தப் படிப்பே தொடங்குகிறது. டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் மெல்லிய பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் ஓர் அங்குல அகலத்துக்கு நாடாவாக வெட்டி இழுத்தால், இரு விளிம்புகளும் தாமே உள்ளே சுருண்டு கயிறு போலாகிவிடும். அதை அப்படியே பின்னிக் கூடையோ மிதியடியோ செய்யலாம். இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் இன்டர்லாக் பின்னல் துணி அப்படிச் சுருளாது. அதற்கு வேறு பயன் தேட வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஃப்ரைடாக் சகோதரர்கள் 1993-இல் பழைய லாரித் தார்ப்பாயில் பை தைத்தபோது, தோள்பட்டிக்குக் கார் சீட் பெல்ட்டையும், விளிம்புக்குச் சைக்கிள் டியூப்பையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பொருளின் வலுவும் அதற்கேற்ற இடத்தில் அமைந்ததால்தான் அது பையாக நின்றது.

படிப்பைப் பொறுத்தவரை, சென்னையில் உள்ள நிஃப்டில் (மத்திய அரசின் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம்) டெக்ஸ்டைல் டிசைன், நிட்வேர் டிசைன் ஆகியவற்றையும், அகமதாபாத் என்.ஐ.டி.யில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) டெக்ஸ்டைல் டிசைனையும் முதலில் பார்க்கலாம். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு உண்டு, விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடும். வெளியூர் அனுப்பத் தயக்கமென்றால் திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. பெயர் ஒத்திருந்தாலும் அது மத்திய அரசின் நிஃப்ட் அன்று. பெற்றோர் பலர் இதில் குழம்புகிறார்கள். படித்து முடித்தவுடன் சொந்த பிராண்டு என்று கனவு காண வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால், விலை போடுவதும் வாங்குபவரிடம் பேசுவதும் பழகிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். முதலாளியிடம் கேட்டு, தங்கள் மேசையில் ஒரு நாள் விழும் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அவற்றை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), நிறம், அளவு வாரியாகப் பிரித்து, ஒரே பொருளை இருபது எண்ணிக்கை செய்யும்படி மகளிடம் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தையும் நூல் செலவையும் அவரே ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு பை அழகாக அமைவது பெரிதல்ல. துண்டுகள் மாறிக்கொண்டே இருக்கும்போது இருபதும் ஒரே அளவில், ஒரே உறுதியில் வருவதுதான் கடினம். அரையாண்டு விடுமுறையில் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது அந்த நோட்டையும், முதலாவதாகச் செய்ததையும் இருபதாவதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.