கல்லூரி வளாகத்தில் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி எத்தனை போஸ்டர் ஒட்டியும் மாணவர்கள் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

போஸ்டரை ஒத்திவைத்துவிட்டு முதலில் குப்பை வண்டியின் பின்னால் போய்ப் பாருங்கள். பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் ஒரே டிராக்டரில் கொட்டுவதை மாணவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் எந்தப் பேச்சும் எடுபடாது. தள்ளுவண்டிக்கு நடுவில் ஒரு தகடு வைத்து இரண்டு அறையாக்கலாம். இல்லையென்றால் காலையில் ஈரக் குப்பை, மாலையில் உலர் குப்பை என்று நேரத்தைப் பிரிக்கலாம். இதைத் தூய்மைப் பணியாளர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தத் தொட்டி எப்போது நிரம்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது எடை. தேர்வு, விழா இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் தினமும் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, சோறு, சருகு, காகிதம், பிளாஸ்டிக், மற்றவை என்று பிரித்து நிறுத்துப் பாருங்கள். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோ குப்பையைத் தாண்டும் இடத்தை மொத்தக் கழிவு உற்பத்தியாளர், அதாவது பெருமளவில் குப்பை உண்டாக்கும் இடம், என்று வகைப்படுத்தின. ஆயிரம் பேர் சாப்பிடும் மெஸ்ஸில் தலைக்கு 100 கிராம் மிச்சம் விழுந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

தொட்டிகளை ஜோடியாகத்தான் வைக்க வேண்டும். தனியாக நிற்கும் தொட்டிக்குள் எல்லாமே விழும். உலர் தொட்டியின் மூடியில் பாட்டில் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டால், சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்படியே திணிக்க முடியாது. பேப்பர் கப் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்து அதை மக்கும் குப்பையில் போடுகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது உரக்குழியில் மக்காது. கேன்டீனில் எவர்சில்வர் டம்ளருக்கு மாறுவதே நல்லது. (விழிப்புணர்வு ஊர்வலத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுப்பவர்களை என்ன சொல்ல?)

விழிப்புணர்வுப் பலகை வைத்தே தீர வேண்டும் என்றால், மெஸ்ஸில் தட்டு கழுவும் இடத்தில் ஒரு கரும்பலகை போதும். எச்சில் ட்ரம்மைத் தராசில் வைத்து, முந்தைய நாள் வீணான எடையையும், சாப்பிட்டவர் எண்ணிக்கையால் அதை வகுத்தால் தலைக்கு வரும் கிராமையும் எழுதுங்கள். சமைத்து மீந்ததை அதில் சேர்க்காதீர்கள். அது சமையல்கட்டின் கணக்கு, மாணவர் தலையில் கட்டக்கூடாது. எந்த நாள் எடை எகிறுகிறது என்று பார்த்தால் மெனுவில் எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஈரக் குப்பையை உரமாக்குவதில்தான் பல இடங்களில் சொதப்புகிறார்கள். சோற்றை மட்டும் குழியில் கொட்டினால் காற்று போகாமல் புளித்து நாறும். வளாகத்தில் கூட்டி எரிக்கிற சருகுதான் இதற்கு மருந்து. கம்பி வலையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராகக் கூண்டு கட்டி, அடியில் குச்சி பரப்புங்கள். சாம்பார், ரசத்தை வடித்துவிட்டு, ஒரு பக்கெட் சோற்றுக் கழிவுக்கு இரண்டு மூன்று பக்கெட் சருகு என்று அடுக்குங்கள். மேலே எப்போதும் சருகு மூடியிருக்கட்டும்; இல்லாவிட்டால் நாயும் எலியும் வரும். தூங்குமூஞ்சி மரம், வேப்பமரம் இவற்றின் சருகை அப்படியே போடலாம். தேக்கு, வாதாம் இலைகள் தட்டையாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும் என்பதால் நொறுக்கித்தான் போட வேண்டும்.

சரியாக அடுக்கினால் சில நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை சூடாகும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி, ஒழுகினால் அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, கிளறிச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் சோறு கூடிவிட்டது, அதற்கும் சருகுதான். சூடே ஏறாவிட்டால் குவியல் சிறியதாகவோ காய்ந்தோ இருக்கும். இந்த நாற்றப் புகார் வார்டனிடம் போனால் திட்டமே நின்றுவிடும், அதனால் முதல் மாதம் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும்.

டியூப்லைட், பேட்டரி, ஆய்வகக் கழிவு, சானிட்டரி நாப்கின் எதுவும் இந்த இரண்டு தொட்டிக்கும் வரக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும்.

இரண்டு மூன்று மாதத்தில் உரம் கறுத்து மண் வாசனை வரும். சலித்து, மெஸ் சாப்பாட்டின் உப்பு உரத்தில் இருப்பதால் மண்ணோடு கலந்து, ஒரு பூந்தொட்டியில் பச்சைப் பயறு விதைத்துப் பாருங்கள். முளை கருகினால் குவியல் இன்னும் சில வாரம் நிழலில் கிடக்கட்டும், அடுத்த தடவை மண்ணையும் கூட்டிக் கலக்குங்கள்.