புலவு நாறுதும்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கன்டெய்னர் யார்டில் வேலை, வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. பக்கத்து நூலகத்தில் ஞாயிறு மாலை சிலர் கூடி நற்றிணை வாசிக்கிறார்கள். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே பாதிப் பேர் தமிழாசிரியர்கள். முதலில் ஓர் உரையை வாங்கி வீட்டிலேயே படித்துத் தேறிவிட்டு, அப்புறம் சேரலாமா?

ச.

அன்புள்ள ச.,

வேண்டாம். இந்த ஞாயிறே போய்விடுங்கள்.

நானும் அப்படித் தள்ளிப்போட்டவன்தான். முதன்முதலில் போன ஒரு குழுவில் "எம்.ஏ. தமிழா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கும் போகவில்லை, வீட்டில் உரையோடு உட்கார்ந்தேன். சொற்களுக்குப் பொருள் சேர்ந்தது, பாட்டு மட்டும் வரவில்லை.

பாட்டு வந்தது ராயபுரத்தில், ஒரு மொட்டை மாடியில். ஏழெட்டுப் பேர் இருந்தோம். அன்றைக்கு நற்றிணை 45. தேரில் வந்து நிற்கும் செல்வர் வீட்டுப் பையனிடம், அவன் விரும்பும் பெண்ணின் தோழி பேசுகிறாள்: இவள் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கும் பரதவர் மகள், நீ கொடி பறக்கும் ஊர்க்காரன்.

"நிணச்சுறா அறுத்த உணக்கல் வேண்டி
இனப்புள் ஓப்பும் எமக்கு நலன் எவனோ?
புலவு நாறுதும், செல நின்றீமோ!"

சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிற எங்களுக்கு என்ன அழகு? எங்கள் மேல் மீன் நாற்றம், தள்ளி நில். இதை எல்லோரும் பணிவு என்றே எடுத்துக்கொண்டோம். காசிமேட்டில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர் அந்தக் குழுவுக்கு வருவார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவர் சொன்னார்: "பணிவா? ஸ்கூல் விட்டு வந்தா எனக்குக் காக்கா ஓட்டுறதுதான் வேலை. அந்நேரம் சட்டை மடிப்புக் கலையாம ஒருத்தன் வந்து நின்னா நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். போடான்னு அர்த்தம்."

மறுபடி படித்தோம். கடைசி வரி "எம்மனோரில் செம்மலும் உடைத்தே". எங்கள் ஆட்களிலும் தலைவன் உண்டு என்கிறாள். அக்கா சொன்னதுதான் சரி. அந்த வரியை அதற்கு முன் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அந்தக் கோபம் என் காதில் விழுந்ததே இல்லை. கருவாடு காயும் தெருவில் நடந்து வளர்ந்த உங்களுக்கு அது சட்டென்று விழும். அந்த அறைக்கு உங்கள் காது தேவை.

நைட் ஷிஃப்டை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நற்றிணையில் 400 பாட்டு, ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரு வாரம் விட்டாலும் அடுத்த வாரம் அப்படியே உட்காரலாம். சிலப்பதிகாரம் என்றால் கதை அறுந்துபோகும். உரையைக் குழுவுக்குப் போய்வந்த பிறகு படியுங்கள். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரை நல்லது. மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே ஆள் பேசி மற்றவர்கள் தலையாட்டும் இடமாக இருந்தால் நாலு வாரத்தில் தெரிந்துவிடும். அப்படியானால் யார்டில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நீங்களே வாய்விட்டு வாசிக்கத் தொடங்குங்கள். நல்ல குழுவாக இருந்தால் ஒருநாள் பெரிய புராணத்துக்கும் போவார்கள். அதில் சுந்தரர், தான் மணக்கப்போகும் சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தது திருவொற்றியூர் கோயில் மகிழ மரத்தடியில். அந்தப் பகுதியை முடித்த கையோடு எல்லோருமாக மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்கலாம். இந்த வசதி எத்தனை ஊருக்கு வாய்க்கும்!

முதல் நாள் கருத்தெல்லாம் சொல்ல வேண்டாம். "இந்தப் பாட்டை நான் வாசிக்கட்டுமா?" என்று கேளுங்கள், போதும். 45 இன்னும் வரவில்லை என்றால் அது வரும் வாரம் லீவு போட்டாவது போங்கள். "செல நின்றீமோ"வை எந்தக் குரலில் வாசித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.