தனித்தாள்

கேள்வி: வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் பாரசீகக் காவியமான ஷாநாமாவின் ஓவியம் பார்த்தேன். அரசன் அஃப்ராசியாப் பார்த்திருக்க, இளவரசன் சியாவுஷ் குதிரைமேல் போலோ ஆடுகிறான். தனித்தாளாகச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். தூரத்தில் நிற்பவர்களும் கிட்டே இருப்பவர்கள் அளவுக்கே இருக்கிறார்களே, ஓவியருக்கு அளவு தெரியாதா?

பதில்: தெரியும். மேலே இருப்பவர் தூரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் கணக்கு. பத்தடி தள்ளி நின்று பார்க்கவா வரைந்தார்கள்? கையில் வைத்துப் படிக்கும் புத்தகம் அது. குதிரையின் வாலை முடிச்சிட்டிருப்பதையும் சௌகான் என்ற போலோ கோலின் வளைந்த நுனியையும் ஒரு சாண் தூரத்தில் பார்க்க வேண்டும்.

சரி, அதை விடுங்கள். 'தனித்தாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான். எந்த ஓவியரும் அதைத் தனித்தாளாக வரையவில்லை. சியாவுஷ் தகப்பனிடமிருந்து விலகி, அஃப்ராசியாப் ஆளும் எதிரி நாடான தூரானுக்கு அடைக்கலம் தேடி வந்தவன். அவன் அடித்த பந்து கண்ணுக்கே தெரியாமல் மேலே போகிறது, அஃப்ராசியாப் பூரித்துப் போகிறான், அப்புறம் மகளையே கட்டிக்கொடுக்கிறான். சில ஏடுகள் தள்ளி, கோள்சொல்லியின் பேச்சைக் கேட்டு அதே மாமனார் மருமகன் தலையை வெட்டச் சொல்கிறான். இது தெரிந்து பார்த்தால் அந்த மைதானத்தின் சிரிப்பு நெஞ்சை அடைக்கும். தாளைப் பிரித்துவிட்டால் என்ன மிச்சம்? யாரோ பணக்காரர்கள் குதிரையில் விளையாடுகிறார்கள்.

ஈரானை ஆண்ட ஷா தஹ்மாஸ்புக்காகச் செய்த ஷாநாமா பிரதியில் 258 ஓவியங்கள். 1568இல் அது உஸ்மானிய சுல்தானுக்குப் பரிசாகப் போனது. எத்தனையோ கைமாறியும் புத்தகமாகவே இருந்தது. 1959இல் ஆர்தர் ஹௌட்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் வாங்கினார், பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின, பல தாள்கள் ஏலத்துக்கு. மிஞ்சியதை 1994இல் ஈரான் மீட்டது, அதற்கு ஈடாக டி கூனிங் என்ற அமெரிக்க நவீன ஓவியர் வரைந்த பெண் ஓவியம் ஒன்றைக் கொடுத்து! 2011இல் அதன் ஒரே ஒரு தாள் 74 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. இவ்வளவு விலை கிடைக்கும் என்றால் கத்தி எடுக்க ஆள் வராமலா போவார்கள்?

இதை எழுதும்போதெல்லாம் "பிரித்ததால்தானே நாலு பேர் பார்க்க முடிகிறது" என்று ஒரு கடிதம் வரும். முன்பும் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் மாட்டேன். புத்தகத்தைத் திறந்தே கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், நாளுக்கொரு பக்கம் புரட்டலாம், முழுதையும் படமெடுத்து இணையத்தில் போடலாம்.

நீங்கள் பார்த்தது எந்தப் பிரதியின் தாள் என்று எழுதவில்லை. மறுபடி போனால் அதன் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள், எனக்கும் எழுதுங்கள்.