யார்க்கி குட்டி சோர்ந்து விழுகிறது, பார்வோ நெகட்டிவ்: அடுத்து என்ன பார்ப்பது?

கேள்வி: 10 வார யார்க்‌ஷயர் டெரியர் பெண் குட்டி, எடை 800 கிராம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தது, மலமும் இளகிப் போகிறது. நேற்றுக் காலை தள்ளாடி விழுந்தது. ஈறில் தேன் தடவியதும் எழுந்து நடந்தது. மாலையில் மறுபடி அதே நிலை. பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ்) டெஸ்ட் நெகட்டிவ் என்று டாக்டர் ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். என்ன நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தேன் பட்டதும் எழுந்தது என்றீர்களே, அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குட்டிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்க அதிக வாய்ப்பு உண்டு. இந்த எடையில் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு, தசையும் குறைவு. மூளையோ உடல் அளவுக்குப் பெரியது, சர்க்கரையை விடாமல் இழுக்கும். இரண்டு வேளை சாப்பாடு தப்பினாலே போதும். ஆனால் சாப்பாடு ஏன் தப்பியது என்ற கேள்விக்குத் தேன் பதில் சொல்லாது. ஒரே நாளில் இரண்டு முறை விழுந்த குட்டியை இன்றே மறுபடி காட்ட வேண்டும்.

மறுபடி தள்ளாடினால் கால் டீஸ்பூன் தேனோ கெட்டியான குளுக்கோஸ் கரைசலோ எடுத்து, விரலால் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேயுங்கள். விழுங்க முடியாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். 5 முதல் 10 நிமிடத்தில் தெளியவில்லை என்றாலோ, வலிப்பு வந்தாலோ, தேய்த்துக்கொண்டே கிளம்புங்கள். தெளிந்தால் உடனே கொஞ்சம் குட்டி உணவு கொடுங்கள். வெறும் இனிப்போடு விட்டால் இன்சுலின் சுரந்து சர்க்கரை மறுபடி சரியும். மாலையில் திரும்ப விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உடம்பு சில்லிட்டிருந்தால் சூடு முதலில், உணவு பிறகு. குளிர்ந்த குட்டிக்குக் குடல் அசைவு மந்தமாகிவிடும், உள்ளே போனது அப்படியே நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்; சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். ஆசனவாயில் எடுக்கும் வெப்பநிலை 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இருப்பது இயல்பு. 99-க்குக் கீழே போனால் அதுவே அவசரம்.

இனி பரிசோதனைகள். பார்வோ நெகட்டிவ் என்ற ஒரு முடிவை வைத்துப் பார்வோவை ஒதுக்கிவிட முடியாது. மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்குமுன் எடுத்தாலும், குடலில் எதிர்ப்புப் புரதம் வைரஸைப் போர்த்திவிட்ட பிறகு எடுத்தாலும் டெஸ்ட் ஏமாற்றும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கலாம். அதற்குள் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) பார்த்து, வெள்ளணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். தடுப்பூசி ஒன்று போட்டாயிற்று என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைச் செயல்படவிடாமல் தடுக்கும் என்பதால்தான் 16 வாரம் வரை தொடர்ந்து போடுகிறோம்.

அடுத்தது மலப் பரிசோதனை. உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே தொற்றும், கொக்கிப் புழு பால் வழியாக வரும். ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப் புழுவை நினைக்க வேண்டும். முட்டை மலத்தில் தெரியுமுன்பே அது ரத்தத்தை உறிஞ்சிவிடும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளியேறாது. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி தேவைப்படலாம். சில மணி நேரத்துக்குள் எடுத்த மலமாக இருக்கட்டும், தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.

மூன்றாவதை யார்க்கிக்காகவே தனியாகச் சொல்ல வேண்டும்: போர்ட்டோசிஸ்டமிக் ஷன்ட். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேராக உடலுக்குள் போய்விடும் பிறவிக் கோளாறு. இந்த இனத்தில் அதிகம் காணப்படுவது. சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்தில் மந்தமாவது, வட்டமாகச் சுற்றுவது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது, கூடப் பிறந்தவற்றைவிட உருவத்தில் சிறுத்திருப்பது எல்லாம் அடையாளங்கள். உங்கள் குட்டி சோர்வது பசி நேரத்திலா, சாப்பிட்ட பிறகா என்று நேரம் போட்டு எழுதுங்கள். பசியில் என்றால் சர்க்கரைப் பக்கம், உணவுக்குப் பின் என்றால் ஷன்ட் பக்கம் யோசனை சாயும். உறுதி செய்ய பைல் ஆசிட் (ரத்தத்தில் பித்த அமிலம்) டெஸ்ட்: உணவுக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வளர்ந்த நாய்களுக்குச் சொல்லும் 12 மணி நேரப் பட்டினி இந்தக் குட்டிக்கு ஆகவே ஆகாது, சர்க்கரை இறங்கிவிடும். சிறுநீரில் அம்மோனியம் யூரேட் படிகம் தெரிந்தாலும் துப்புக் கிடைக்கும், அதற்கு ஊசி குத்தவே வேண்டாம்.

இந்த உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 70 மில்லிதான். எல்லா டெஸ்டையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரு துளியில் சர்க்கரை பார்க்கலாம் (டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் நாய் ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்), இன்னும் கொஞ்சத்தில் சிபிசி. மற்றவை பிறகு. ரிப்போர்ட் வந்ததும் அச்சிட்ட அளவுகளோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். எலும்பு வளரும் வயதில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதியும் பாஸ்பரஸும் கூடத்தான் இருக்கும், சிவப்பணு அளவு வளர்ந்த நாயைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாத ஒன்று: தோலுக்கடியில் ஏற்றும் வெறும் சலைன் நீர்ச்சத்தைத் தரும், சர்க்கரையை ஏற்றாது. சர்க்கரை குறைவாக இருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கலந்து நரம்பு வழியாக ஏற்ற முடியுமா, இரவு தங்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். தள்ளாட்டத்தை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மேஜை மேல் ஏறியதும் பல குட்டிகள் பயத்தில் நிமிர்ந்து நின்றுவிடும்.

வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் கிராம் கணக்கில் எடை பாருங்கள். இந்த வயதில் எடை ஏறாமல் நிற்பதே கவலைக்குரியது, குறைந்தால் காத்திருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கடைசி வேளை தூங்கப் போகுமுன். லேசாகச் சூடாக்கினால் மணம் கிளம்பி நக்கத் தொடங்கும். வாந்தி நிற்காதபோது சிரிஞ்சில் திணிக்காதீர்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரை எதுவும் கூடாது. சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) கலந்த இனிப்பைத் தேனுக்குப் பதிலாகத் தடவினால் இருக்கிற சர்க்கரையும் போய்விடும்.

இரண்டாவது டெஸ்ட் வரும்வரை பார்வோ என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். வேறு நாய்களை நெருங்க விடாதீர்கள். கழிவைக் கழுவித் துடைத்த பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையில் 10 நிமிடம் நிற்க விட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். ஆல்கஹால் சானிட்டைசரை இந்த வைரஸுக்கு நம்ப முடியாது.