கொழுந்துப் பாதையில் ஓர் அல்சேஷன்

டொக்டர் ஐயா, நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஸ்டாஃப் குவாட்டர்ஸில் இருக்கிறோம். எங்கள் அல்சேஷனுக்குப் பத்து மாதம். எதைச் சொன்னாலும் உடனே பிடித்துக்கொள்வான். ஆனால் காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறான். போன கிழமை ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த படங்கைப் பிடித்து இழுத்துவிட்டான். நாய் பழக்குகிற ஒருவர், "ஒரு மாதம் என்னிடம் விடுங்கள், முழுக் காசையும் முன்னுக்கே தாருங்கள், இடையில் வந்து பார்க்கக் கூடாது" என்கிறார். விடலாமா?

விடாதீர்கள், தங்கச்சி.

முதலில் உங்கள் நாய் என்ன செய்கிறான் என்று சொல்கிறேன். நாம் அல்சேஷன் என்று கூப்பிடும் ஜெர்மன் ஷெப்பர்ட், மேய்ச்சலுக்கு வந்த நாய். ஜெர்மனியில் 1899இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, அந்த நாட்டு மந்தை நாய்களிலிருந்து இதை ஓர் இனமாக ஒழுங்குபடுத்தினார். வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே ஆடுகள் மேயும்போது மந்தையின் ஓரமாகவே ஓடி, பயிருக்குள் கால் வைக்கிற ஆட்டைத் திருப்பிவிடுவதுதான் அந்த நாய்களின் வேலை. பிரட்டு, அதாவது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவது, முடிந்து கூடையோடு பெண்கள் வரிசையாக மலையேறுகிறார்கள். உங்கள் பையனுக்கு அது மந்தை. அவன் கெட்ட நாய் இல்லை. யாரும் கொடுக்காத வேலையை அவனே எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் பயந்துபோன அந்த அக்காவுக்கு இந்த விளக்கம் எதற்கு? கால் வழுக்கி வடிகானுக்குள் விழுந்தால் அவருக்குத்தான் வேலையும் போகும், சம்பளமும் போகும். நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். பல் தோலில் பட்டிருந்தால், சின்னக் கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாயின் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.

இன்றிலிருந்து, ஆட்கள் போய்வரும் நேரத்தில் அவனை அவிழ்த்துவிடாதீர்கள். அவன் ஓடுகிறான், அவர்கள் விலகிப் போகிறார்கள்; அவன் கணக்கில் ஒவ்வொரு முறையும் வெற்றி. கெட்டிக்கார நாய்க்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஐந்தாறு மீற்றர் நீளக் கயிறு ஒன்றைக் கழுத்துப்பட்டியில் கட்டி, பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். அவித்த கோழி ஈரலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கண்ணில் பட்டதும் அவன் பெயரைச் சொல்லுங்கள். உங்களைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு. பிந்திக் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அவனுக்குப் புரியாது. ஈரலையே திரும்பிப் பார்க்காமல் பாதையை வெறித்துக்கொண்டு நின்றால், நீங்கள் மிகக் கிட்டே நிற்கிறீர்கள், பின்னுக்குப் போங்கள். சில கிழமைகளில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

அப்புறம், அவனுக்கு வேலை கொடுங்கள். சாப்பாட்டைக் கோப்பையில் போடாமல் புல்லுக்குள் ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். சாமான்களுக்குப் பெயர் சொல்லி எடுத்துவரப் பழக்குங்கள். அமெரிக்காவில் சேஸர் என்ற போர்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுச் சாமான்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டது. தமிழிலேயே சொல்லுங்கள், நாய்க்கு இங்கிலீஷ்தான் விளங்கும் என்பது நம் ஆட்களின் வீண் நம்பிக்கை. ஆனால் ஒரு வேலைக்கு ஒரே சொல். நீங்கள் "வா", உங்கள் வீட்டு ஐயா "கம்", பிள்ளைகள் "இங்க ஓடியாடா" என்றால் அவன் யார் சொல்லைக் கேட்பான்?

இனி அந்த ட்ரெயினர். நாய் அவரிடம் ஒரு மாதம் இருந்தால் அவர் சொல்வதைக் கேட்கப் பழகும். அது நிச்சயம். லிந்துலையில் ஒரு பங்களா நாயை இப்படி விட்டு எடுத்தார்கள். பழக்கியவர் வந்தால் சிலைபோல உட்காரும். அவர் கேற்றைத் தாண்டியதும் பழைய ஓட்டம்தான். கொழுந்துப் பாதை உங்கள் வாசலில் இருக்கிறது. பாடமும் அங்கேதான் நடக்க வேண்டும், கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பார்க்க வராதே என்பதுதான் எனக்கு அதைவிடக் கவலை. நல்ல ட்ரெயினர் மறைக்க மாட்டார். நாயைக் கொண்டுபோகாமல் முதலில் நீங்கள் மட்டும் போய், அவர் பழக்குகிற மற்ற நாய்களைப் பாருங்கள். அவர் கிட்டே வரும்போது வாலை ஆட்டிக்கொண்டு வருகின்றனவா, காதை மடக்கி ஒடுங்குகின்றனவா? நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், பிழையாகச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று தொடங்கினால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அடியும், கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் கரண்ட் பட்டியும் நாயைப் பயத்தில் அடக்கி வைக்கும். பயந்த அல்சேஷன் ஒருநாள் உறுமாமலே கடிக்கும். அந்தக் கரண்ட் பட்டியை வேல்ஸ் நாட்டில் 2010இலேயே தடை செய்துவிட்டார்கள்.

ஆளை எங்கே தேடுவது? உங்கள் மிருக வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். எந்த நாய் யாரிடம் பழகி என்ன நிலையில் வந்தது என்று அவருக்குத் தெரியும். கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்கள் பிரிவு இருக்கிறது. அங்கே நாயும் அதன் கையாளுநரும் சோடியாகவே வேலை செய்கிறார்கள். அப்படி வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் கிடைத்தால் நல்லது, ஆனால் அவரிடமும் மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறவர்தான் வேண்டும். காசையும் ஒவ்வொரு முறை வந்தபின் கொடுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர்: காவலுக்குத்தானே நாய், இரவில் வெளியே கட்டினால் என்ன?

நம் தோட்டங்களில் சிறுத்தை நடமாடுகிறது. கட்டிப்போட்ட நாய் ஓடவும் முடியாது. இரவில் உள்ளே விடுங்கள், சத்தம் கேட்டால் உள்ளிருந்தே குரைக்கும்.

ஹட்டனிலிருந்து ஒரு மாணவர்: வீடியோக்களில் பார்த்து ஆசையாக இருக்கிறது. லயத்து வரிசை வீட்டில் பெல்ஜியன் மலினோய்ஸ் இன நாய் வளர்க்கலாமா?

வேண்டாம், தம்பி. அல்சேஷனையே உட்காரவைக்கப் பாடுபடுகிறோம். இது அதைவிடத் துடிப்பு. வகுப்புக்கும் டியூசனுக்கும் நீங்கள் போய்விட்டால், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளின் ஓட்டத்தைக் கேட்டுக்கேட்டே அது அலைக்கழியும். உங்கள் லயத்திலேயே யாராவது நாட்டு நாய்க்குட்டி வைத்திருப்பார்கள். எட்டுக் கிழமை ஆனபின் ஒன்றை எடுங்கள், தடுப்பூசி போடுங்கள், மேலே சொன்ன ஈரல் பாடத்தை அதனிடம் தொடங்குங்கள். எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.