பழைய வீடியோ கேம்களில் ஆர்வமே போய்விட்டது. திரும்ப வருமா?

எமுலேட்டரில் (பழைய கேம் பெட்டி போலவே கம்ப்யூட்டரை ஓட வைக்கும் சாஃப்ட்வேர்) ஆயிரக்கணக்கான பழைய கேம்கள் இருக்கின்றன, எதைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறேன், சின்ன வயதில் சோறு தண்ணி இல்லாமல் இதிலேயே கிடந்தேன், இப்போது வயதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்வம் திரும்ப வரும். எனக்கு வந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் அநேகமாக என் வயதுக்காரர். எல்லோரும் தூங்கிய பிறகு லேப்டாப்பில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியாக விளையாடுகிறீர்கள். ஒரு கேம் கொஞ்சம் கஷ்டமானதும் அடுத்ததற்குத் தாவுகிறீர்கள். இப்படி நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

எங்களுடையது கோத்தகிரிப் பக்கம். அப்பா டீ ஃபேக்டரியில் ஃபிட்டர், அம்மா கொழுந்து பறிக்கப் போவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளி போனஸில் அப்பா கோயம்புத்தூர் போய் ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்தார். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல் அது. அசல் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்ததே இல்லை. நம் தலைமுறைக்கு டிவி கேம் என்றாலே அந்த நகல்தான். கூடவே ஒரு மஞ்சள் கேசட், மேலே 9999 இன் 1 என்று போட்டிருக்கும். உண்மையில் அதில் கொஞ்சம் கேம்களே திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வரும். கான்ட்ரா, மரியோ, ரோடு ஃபைட்டர், டேங்க் கேம், சர்க்கஸ். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பெட்டியோடு இரண்டு ரிமோட் வந்தது. முதல் ரிமோட் அண்ணாவுக்கு, இரண்டாவது எனக்கு. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, அண்ணா பெரியவர், ஆண் பிள்ளை, அவ்வளவுதான். இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டனும் கிடையாது, செலக்ட் பட்டனும் கிடையாது. ஃபேமிகாம் வடிவமைப்பே அப்படி, நகல்காரர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கேமை ஆரம்பிக்கவும் நிறுத்தவும் எனக்கு உரிமை இல்லை என்று அர்த்தம். சூப்பர் மரியோவில் இன்னும் மோசம். முதல் ரிமோட்டின் ஆள் மரியோ சாகும்வரை இரண்டாவது ரிமோட்டின் ஆள் லூயிஜி காத்திருக்க வேண்டும். அண்ணா நன்றாக ஆடுவார், சாகவே மாட்டார். நான் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சுட்டுக்கொண்டே ஓடும் கான்ட்ராவில் இரண்டு பேரும் ஒன்றாக ஓடலாம். நீல பேன்ட் அண்ணா, சிவப்பு பேன்ட் நான். மேல் மேல், கீழ் கீழ், இடது வலது இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது லைஃப் வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை முதலில் கிரேடியஸ் என்ற கேமுக்காக உருவாக்கியவர் கான்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 2020-ல் அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு மனசே சரியில்லை. எங்கள் வீட்டில் அந்த வரிசையை அழுத்துவது அண்ணா. ஆனால் அவர் திணறினால் சொல்லிக் கொடுப்பது நான்.

மூன்றாவது ஸ்டேஜ் ஞாபகம் இருக்கிறதா? அருவி. திரை பக்கவாட்டில் போகாது, மேலே மேலே ஏறும். பாறை பாறையாகத் தாவ வேண்டும். ஒருவர் முந்திக்கொண்டு மேலே போனால் திரையும் அவரோடு ஏறிவிடும், கீழே நிற்பவர் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போய்ச் செத்துவிடுவார். எதிரி சுட வேண்டியதே இல்லை. அண்ணா விறுவிறுவென்று ஏறுவார். நான் ஒரு பாறையில் நின்று மேலிருந்து உருண்டு வரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்குள் என் ஆள் போய்விடுவான். "நில்லுண்ணா, நில்லுண்ணா" என்று கத்துவேன். அரவேணுப் பக்கம் கேத்தரின் அருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா காட்டக் கூட்டிப் போனபோது, "இதுலதான் நீ தினமும் சாகற" என்றார் அண்ணா. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு நான்தான் முதலில் போய் உட்கார்ந்தேன். அந்த ஆர்வத்தைத்தான் நீங்களும் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மலையில் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுச் சுவரே வியர்க்கும், கேசட்டின் உள்ளே இருக்கும் செம்புப் பட்டைகளில் பச்சை பிடித்துவிடும். எல்லோரும் ஊதுவார்கள். ஊதினால் ஓடும் என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. கழற்றி மறுபடி செருகும்போது பட்டைகள் வேறு இடத்தில் ஒட்டுவதால்தான் ஓடுகிறது. ஊதுவதால் எச்சில் ஈரம் பட்டு இன்னும் கெடும். அப்பா எங்களை ஊத விடவே மாட்டார். பென்சில் ரப்பரை எடுத்து, பட்டையை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, உதிர்ந்த தூளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கேசட்டை ஒரு துணியில் சுற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார். காலையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், முதல் தடவையே ஓடும்.

இன்னொரு எதிரி கரன்ட். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெட்டியில் சேவ் கிடையாது, கரன்ட் போனால் எல்லாம் போச்சு. மரியோவில் எட்டாவது உலகம் வரை போய் நிற்போம், ஒரு மரம் கம்பியில் விழும், டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும். நீலகிரியில் பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் மோயாறு, குந்தா என்று இந்த மலையின் தண்ணீர் எல்லாம் குழாயில் இறங்கிச் சமவெளிக்கு வெளிச்சம் கொடுக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் காற்றடித்தால் இருட்டு. இன்றைக்கும் அதே கதைதான். போன மழைக்கு நாள் கணக்கில் கரன்ட் இல்லை, போன் செய்தால் எடுக்க ஆளில்லை, எடுத்தவரும் "லைன்மேன் போயிருக்கார்மா" என்றார், எங்கே போனார் என்று தெரியவில்லை. சீசனில் விடுதிகளுக்கு வேண்டுமென்றால் ஜெனரேட்டர் உண்டு. எங்களைப் போன்றவர்கள் மெழுகுவர்த்திதான். நாங்கள் ஒன்றும் இலவசமாகக் கேட்கவில்லை, பில் கட்டித்தான் கேட்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரி, வேலை என்று நான் கோவைக்குப் போனேன், அண்ணா திருப்பூர் போனார். பெட்டியை ஈரம் தின்றுவிட்டது. சில வருடங்கள் முன்பு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் கோத்தகிரிக்குத் திரும்பினேன், எமுலேட்டர் போட்டேன். இப்போது இரண்டு ரிமோட்டும் என்னுடையது, எந்த கேம் வேண்டுமானாலும் என்னுடையது. ஆனால் உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. திறப்பேன், முதல் பாட்டைக் கேட்பேன், கொஞ்சம் ஓடுவேன், மூடிவிடுவேன். எமுலேட்டரில் எந்த இடத்திலும் ஆட்டத்தை அப்படியே சேமித்துத் திரும்ப எடுக்கலாம், அதற்கு சேவ் ஸ்டேட் என்று பெயர். செத்தால் உடனே அதைப் போட்டு பத்து விநாடி பின்னால் போவேன். அப்படியே கான்ட்ராவை முடித்துவிட்டேன், மனதில் ஒரு சலனமும் இல்லை. இதற்கா அப்படி அழுதோம் என்று இருந்தது.

நான் கண்டுபிடித்த முதல் விஷயம் வேகம். நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 50 படம். நமக்கு விற்ற நகல் பெட்டிகளில் பல அந்த 50-க்கு ஏற்றபடி செய்தவை. எமுலேட்டரோ அமெரிக்க, ஜப்பானிய முறையான 60-ல் ஓடும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம். பாட்டு விரட்டுவது போல இருந்ததற்கும், கை எப்போதும் பின்தங்கியதற்கும் காரணம் அதுதான். எஃப்சிஇயூஎக்ஸ் (FCEUX) எமுலேட்டரில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி என்று ஒன்று இருக்கும், ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர். அதைப் போட்டுப் பாருங்கள். எனக்கு உடம்பே சிலிர்த்தது, அது எங்கள் வீட்டு மரியோவின் பாட்டு. டிவியில் போட்டு விளையாடினால் டிவி செட்டிங்கில் கேம் மோடும் போடுங்கள். புது டிவிக்கள் படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்வதால் நீங்கள் குதித்த பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் ஆள் குதிப்பான். வாத்து சுடும் துப்பாக்கியை மட்டும் மறந்துவிடுங்கள், அது பழைய குண்டு டிவியின் ஒளியைப் படிப்பதற்காகச் செய்தது, எல்இடியில் வேலை செய்யாது.

ஆனால் வேகம் மட்டும் காரணம் இல்லை.

அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி, மழை மாதம் முழுக்க வீட்டோடு இருக்க வேண்டியதாகிவிட்டது. சீரியல் பார்த்துச் சலித்துப் போய், நான் டிவியில் எதையோ திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "அந்த டேங்க் கேம் இல்லையா கண்ணு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் ஆடும்போது அம்மா பின்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பார், பார்க்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அந்த கேமின் உண்மைப் பெயர் பேட்டில் சிட்டி, 1985-ல் நாம்கோ விட்டது. கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும், அதை எதிரி டேங்குகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். இரண்டாவது ரிமோட்டை அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா மேலே போகவே இல்லை. கழுகுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒரு ஸ்டேஜுக்கு இருபது எதிரி டேங்க், மிச்சம் இருப்பவை திரையின் வலது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் நிற்கும். இத்தனை வருடத்தில் நானும் அண்ணாவும் அதை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. அம்மா அதை எண்ணிக்கொண்டே ஆடினார். "இன்னும் நாலு வண்டி இருக்கு, ரொம்ப மேல போகாத, கீழ வா" என்பார். என் குண்டு அம்மாவின் டேங்கில் பட்டால் அது கொஞ்ச நேரம் அசையாமல் மினுங்கும். "என்னை எதுக்குச் சுடற, நான் உன் ஆளுதானே" என்று நிஜமாகவே கோபப்பட்டார். ஒரு தடவை அம்மாவே கழுகைச் சுட்டுவிட்டார், தன் குண்டு பட்டாலும் ஆட்டம் முடிந்துவிடும். சேவ் ஸ்டேட் எடுக்கட்டுமா என்றேன். "வேண்டாம், முதல்ல இருந்து போடு" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, விட்ட ஸ்டேஜை எப்படிப் போவது என்றே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக அப்படி இருந்தது பள்ளிக்கூட நாட்களில்.

இப்போது என்னிடம் கொஞ்சம் கேம்கள்தான் இருக்கின்றன, மீதியை எல்லாம் அழித்துவிட்டேன். சேவ் ஸ்டேட் தொடுவதில்லை. கரன்ட் போனால் முதலிலிருந்து. தனியாக ஆடும்போதும் இப்போது பிடிக்கிறது, ஆனால் திரும்பப் பிடிக்க ஆரம்பித்தது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான். தீபாவளிக்கு அண்ணா குடும்பத்தோடு வந்தபோது அவரையும் உட்கார வைத்தேன். அருவி ஸ்டேஜில் இப்போதும் அவர் முந்திக்கொண்டுதான் ஏறுகிறார். இந்தத் தடவை முதல் ரிமோட் என்னிடம் இருந்தது, ஸ்டார்ட்டை அழுத்தி நிறுத்திவிட்டு, "நான் வர்ற வரைக்கும் நில்லுங்க" என்றேன். நின்றார். ஒன்றாக மேலே போனோம்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் சண்டைக்கு வருவார்கள். அசல் பெட்டி, குண்டு டிவி இல்லாமல் என்ன ரெட்ரோ என்பவர்களுக்கு: உங்கள் ஊர் காய்ந்த ஊர், வைத்திருக்கிறீர்கள், எங்கள் ஊரில் அது தாங்காது. ரோம் (பழைய கேசட்டின் கேம் ஃபைல்) டவுன்லோடு செய்வது சரியா என்பவர்களுக்கு: கேட்க வேண்டிய கேள்விதான். கொனாமி 2019-ல் கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன் விட்டதும் காசு கொடுத்து வாங்கினேன், அதில் பழைய கான்ட்ரா இருக்கிறது, இரண்டு பேர் ஆடலாம். வேகம் 60தான், கொஞ்சம் பழக வேண்டும். பொம்பளைக்கு எதற்கு கேம் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. எங்கள் வீட்டில் இருபத்தாறாவது ஸ்டேஜ் நடந்துகொண்டிருக்கிறது.

உங்களுக்கு: வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மனைவி, தங்கை, மாமா, பக்கத்து வீட்டுப் பையன், யாராக இருந்தாலும் சரி. கேம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. யூஎஸ்பி ரிமோட் இரண்டு வாங்குங்கள், இரண்டிலும் ஸ்டார்ட் பட்டன் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். முதல் ரிமோட்டை அவர்களிடம் கொடுங்கள். டேங்க் கேமிலிருந்து ஆரம்பியுங்கள், கான்ட்ரா புதியவர்களுக்குக் கஷ்டம்.